நாக்கில் வந்து நின்ற பறவை

நனைத்த கடலைக்காயின் மண் வாசம்... இன்றைக்கும் லேசாகத் தூறல் விழுந்தால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

கல்யாணமாகி அன்னூர்ப் பக்கம் வந்த புதிது. விதைக் கடலைக்காய் உரிக்கிற பருவம். தோட்டத்துக்காரம்மா வீட்டு ஆசாரத்தில், அதுதான் முன்கூடத்தில், சாக்கை விரித்து, காலை நீட்டி, வட்டமாக உட்கார்ந்திருப்போம். என் மாமியார் எனக்கு நேர் எதிரே.

தோல் சுலபமாகப் பிளக்கட்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். பருப்பில் கீறல் விழுந்தால் விதைக்கு ஆகாது. கட்டைவிரல் நகக்கண் அப்படி எரியும்...

அதைவிடப் பெரிய சோதனை, கை நிறையப் பருப்பு இருந்தும் ஒன்றைக்கூட வாயில் போடக் கூடாது என்பது. போட்டால் காட்டில் விதைக்கும்போது விதை குறைந்துவிடும்.

அதற்குத் தோட்டத்துக்காரம்மா ஒரு வழி வைத்திருந்தார். உரிக்கிற கையோடு வாயும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்க்கதை தீர்ந்துபோனால் எழுத்து விளையாட்டு. ஒருத்தி ஓர் எழுத்து கொடுப்பாள். ஆளுக்கொரு முறை, அந்த எழுத்து வரிசையில் வருகிற மிருகமோ பறவையோ, ஏதாவது ஓர் உயிரின் பெயர் சொல்ல வேண்டும். எவள் வாய் நிற்கிறதோ, அந்த வாயில் கடலை இருக்கிறது என்று அர்த்தம்!

அங்கே இருந்ததில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அஞ்சாவது வரைக்கும். அதனால் எழுத்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா...

முதலில் 'எ' கொடுத்தேன். எருமை, எலி, எருது, எறும்பு என்று சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஆடு, ஆமை, ஆந்தை என்று 'ஆ'வும் போனது. அடுத்தது நிறைய வரட்டுமே என்று 'ம' வரிசையை எடுத்தேன்.

மாடு, மான், முயல், மீன்... பக்கத்தில் இருந்த பாவாத்தாக்கா "மூஞ்சூறு" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "ஏன், அதும் உசுருதானுங்களே?" என்றார்.

அடுத்து என் முறை.

ஒரு பறவை நினைவுக்கு வந்தது. தோகை விரித்து ஆடுமே, முருகனுக்கு வாகனம், அதேதான். சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் பெயர் அந்தப் பறவையில் தொடங்கிச் சாமியில் முடியும். கட்டினவர் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயரில் பாதியாக இருக்கிற பறவையையும் சொல்லக் கூடாது. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள்.

சரி, வேறொன்று சொல்லலாம் என்றால் ஒன்றும் வரவில்லை. அதுவே நாக்கில் உட்கார்ந்துகொண்டு வேறு எதையும் வரவிடவில்லை. தவறி வெளியே வந்துவிடுமோ என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பாவாத்தாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுப்பொண்ணுக்குக் கடலக்கா ருசி புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்கோ!"

தோட்டத்துக்காரம்மா எழுந்து வந்தார். "ஏ அம்மணி, வாயத் தொற பாக்கலாம்."

எல்லார் கையும் நின்றுவிட்டது... திறந்து காட்டினால் ஒன்றும் இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் வந்த மாதமே, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவைத்துப் பார்த்த மருமகள் என்ற பேச்சு ஊரில் காலத்துக்கும் நிற்கும். என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

எதிரே பார்த்தேன். என் மாமியார் அதுவரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தைகூட இதமாகப் பேசியதில்லை. குழம்பில் உப்பு, கோலத்தில் புள்ளி, எதிலும் குறைதான். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாரோ...

அவர் உரித்த தோலை மடியிலிருந்து உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"அவ வாயில கடலக்கா இல்லீங்கோ. எம்பையன்தான் இருக்கறான்!"

யாருக்கும் புரியவில்லை.

"மயிலுங்க, மயிலு! அவ எப்படிச் சொல்லுவா? பெத்தவ நாஞ் சொல்றேன், அவளுக்குப் பதலா வெச்சுக்கங்க!"

ஆசாரமே சிரிப்பில் அதிர்ந்தது. தோட்டத்துக்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு கை நிறையப் பருப்பை அள்ளி என் முந்தானையில் போட்டார். "இந்தா, இப்பத் தின்னு. நானே சொல்றேன்!"

பாவாத்தாக்கா விடுவாரா? "அப்ப எனக்குங்க? எங்கூட்டுக்காரரு பேரச் சொல்லாம நானும் எத்தன வருசமா இருக்கறேன்!"

வீடு திரும்பும்போது வரப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இனி அந்த எழுத்து வந்தா பயப்படாத கண்ணு. அது எம்பட மொறைன்னு வெச்சுக்க."

என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். சொன்ன மாதிரியே கடைசிவரை செய்தார். ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, யாராவது வீட்டுக்காரர் பேரென்ன என்று என்னைக் கேட்டால், பின்னாலிருந்து அவர் குரல்தான் முதலில் வரும்.

இப்போது கடலைக்காயை மிஷின் உரித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கோயில் மலைப்பக்கம் போனால்தான் பார்க்க முடிந்த அந்தப் பறவை, இப்போது கோயமுத்தூரில் மகள் வீட்டு காம்பவுண்ட் சுவரில் வந்து நிற்கிறது. கார் மேலேகூட ஏறிக்கொள்கிறது. மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

போன வாரம் பேத்திக்கு ஹோம்வொர்க். 'ம' வரிசையில் உயிரினங்கள் எழுத வேண்டுமாம். வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மாடு, மான், முயல், மீன், மூஞ்சூறு... அதோடு நின்றுவிட்டேன். பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரிக்கிறார்!

"ஏனுங்க அம்மிச்சி, இன்னொண்ணு இருக்குதே?" என்றாள் பேத்தி. நான் சுவர்மேல் நின்றிருந்ததைக் கையால் காட்டினேன்.

சுவரைப் பார்த்தாள். பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்புச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"செரி செரி... மயில். உங்களுக்குப் பதிலா நானே சொல்லிட்டேன், போதுமா?"

அத்தை, கேட்டுச்சுங்களா... உங்கள் முறை இன்னும் தவறாமல் நடக்கிறது.