நிற்காமல் போகும் கார்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறை ஒன்று இருக்கும், கிரீஸ் வாசனையும் இரும்புச் சத்தமுமாக. அதற்குள் உட்கார்ந்துவிட்டால் அவரைப்போல் பொறுமைசாலி கிடையாது. கீழே இறங்கி வந்து என் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டால் போதும், அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது.

சகலைமேல் அவருக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? எங்களிடம் கார் இல்லாத காலம் முழுக்க எங்களுக்கும் சேர்த்து அத்தானின் கார்தான் ஓடியது. மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். அவள் கை முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். அத்தான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை, இவருக்கு அதுவும் எரிச்சல். "பெரியப்பா, பெரியப்பா" என்று மகள் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். பெற்ற தகப்பன் பின்சீட்டில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வயிறெரிய வருவார்.

மகளுக்கு வெளியூரில் கல்லூரி கிடைத்தது. அப்போதுதான் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்த அத்தான், "ஹாஸ்டல்ல நானே கொண்டுபோய் விட்டுடறேன் சகலை. வழியில ஒரு தடவ சார்ஜ் போட்டா போதும்" என்றார்.

"வேணாம் சகலை. நாங்களும் கார் வாங்கப்போறோம்" என்றார் இவர். எனக்கே அது புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "பொறந்தப்ப அவர் கார்ல வந்தா. வீட்டைவிட்டுப் போறதும் அவர் கார்லதானா? என் பொண்ண நான் கொண்டுபோய் விடறேன்."

ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் இவருடைய முதல் கேள்வி, "இது அவரோடதவிட அதிகமா ஓடுமா?"

"யாரோடது சார்?" என்று முழித்தாள் ஒரு சேல்ஸ் பெண். பிறகு நிதானமாக, "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டாள்.

வேலைக்குப் போய்வர முப்பது கிலோமீட்டர் என்றேன். "அப்போ சின்ன பேட்டரியே தாராளம்மா. வீட்ல ராத்திரி போட்டா காலையில ரெடி. வண்டியும் லேசு, ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் குடுக்கும். பெரிய பேட்டரின்னா வெயிட்டு, ஆறு குடுத்தா பெருசு."

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. இருபது நிமிடத்தில் முக்கால்வாசி சார்ஜ் ஏறும் என்று ஒரு பெரிய கார்மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். அந்தப் பெண் நேர்மையானவள். "சார்ஜ் போடற மிஷினும் அந்த வேகத்துல குடுக்கணும் சார். வெளியில இருக்கிறதுல பல மிஷின் பாதிகூடக் குடுக்காது" என்றாள்.

"நான் வழியில நிக்கவே போறதில்லையேம்மா" என்றார் இவர். சகலை நின்று போகிற தூரத்தை நிற்காமல் போக வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய பேட்டரியையே வாங்கினார்.

கிளம்பிய அன்று மெத்தையும் வாளியும் டிக்கியில் ஏற, மகள் முன்சீட்டில் ஏறினாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தலைகால் புரியவில்லை. ஆனால் ஊர் எல்லை தாண்டியதும் கண் சார்ஜ் மீட்டருக்குப் போய்விட்டது. ஏசி போட்டால் சார்ஜ் குறையும் என்று அணைத்தார். ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்று அதையும் திறக்க விடவில்லை. லாரிகள்கூட எங்களை முந்திப் போயின. மகள் ரூம்மேட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். "இரும்மா, மேடு வருது" என்றார். டீ குடிக்கலாமா என்று கேட்டாள். "போய்க் குடிச்சுக்கலாம்" என்றார். அப்புறம் அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குமா என்று கடிந்துகொண்டேன், பயனில்லை.

ஹாஸ்டலில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது சார்ஜ் போட்டே ஆக வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த மிஷின் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் போனில் அத்தானின் பதில் வந்தது. ஹாஸ்டல் வாசலிலிருந்தே இவர் மீட்டரைப் படம்பிடித்து, 'நிக்காம வந்துட்டோம். இன்னும் முப்பது பர்சென்ட் மிச்சம்' என்று அனுப்பியிருந்தார்.

'ரொம்ப சந்தோஷம் சகலை. பாப்பா உள்ள போற போட்டோ இருந்தா அனுப்புங்க. இங்க இவ கேட்டுக்கிட்டே இருக்கா' என்று எழுதியிருந்தார் அத்தான்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மீட்டர் படம் மட்டும் ஆறேழு இருந்தது.

"நீ எடுத்தியா?" என்றார்.

காட்டினேன். கேட்டுக்குள் நுழைந்த மகள் திரும்பி நின்று கையை உயர்த்தியிருந்தாள். படத்தின் ஓரத்தில் எங்கள் கார், திறந்த கதவு, உள்ளே குனிந்திருந்த இவருடைய முதுகு.

"நீ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். 'இரு, மீட்டர் தெளிவா விழல'ன்னீங்க."

அவர் படத்தைப் பெரிதாக்கி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. "அக்காவுக்கு அனுப்பிடட்டுமாங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"அனுப்பாத" என்றார். "அது எனக்குக் காட்டின டாட்டா."