ஒரே டிவி உள்ள வீடுகள்

வீடியோ கேம் பெட்டிகளை இறக்குமதி செய்யும் கம்பெனியில், வீடு வீடாகப் போய் விசாரிப்பது அவள் வேலை. யார் விளையாடுகிறார்கள், எதில் விளையாடுகிறார்கள், ஏன் வாங்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள்கூட அவளை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசுவார்கள். முகராசி அப்படி.

புதுப் பெட்டி வரவிருந்த வருடம், அவள் போன வீடுகளிலெல்லாம் கூடத்தில் ஒரே டிவிதான் இருந்தது. ரிமோட் மாமனார் கையில் இருக்கும். அவர் கண்ணயர்ந்தால் மாமியார் கைக்குப் போகும். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் போனில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"டிவிய இதுக்குக் குடுத்துட்டு நாங்க என்ன சுவத்தையா பாக்குறது?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். கையில் வைத்து ஆடுவதென்றால் பார்க்கலாம் என்றார்கள் பலர். டிவியில் மாட்டும் பெட்டி இங்கே ஓடாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் மேலாளர் உலக வரைபடத்தைத் திரையில் போட்டார். "வெளிநாடுகள்ல எல்லாம் இது பிச்சுக்கிட்டுப் போகுது. இங்க மட்டும் ஏன் போகாது? நீ சொல்லும்மா."

அவளுடைய பதவி உயர்வு பற்றிப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அந்த நாடுகளில் பிள்ளைகளுக்குத் தனி அறை, தனி டிவி என்று சொல்லவந்தவள், "நல்லாவே போகும் சார்," என்றாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். மின்சாமான் கடை வைத்திருந்தவர்.

"உங்க கம்பெனி ஆளு வந்திருக்கான். ஃபேன், மிக்சியக் குறைச்சுட்டு இத நிறைய எடுங்கங்கிறான். எடுக்கட்டுமா?"

மேலாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "எடுங்கண்ணே," என்றாள்.

பெட்டிகள் கடையை அடைத்துக்கொண்டன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். அப்பாக்கள் விலையைக் கேட்டுவிட்டு, போன் உறை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். தள்ளுபடி போட்டும் ஒன்றும் நகரவில்லை. திருப்பி எடுக்கச் சொன்னபோது கம்பெனி கையை விரித்தது. அதற்குள் அவளுக்குப் பதவி உயர்வும் ஆபீசில் தனி அறையும் கிடைத்திருந்தன. அண்ணன் கடையை மூடினார்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அண்ணி கேட்டாள்: "ஊரெல்லாம் சுத்தினியே, ஓடாதுன்னு உனக்கு ஒரு துளிகூடத் தெரியலையா?"

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கிட்டார். "அவள ஏன் கேக்குற? கடை வெச்சவன் நான். நம்ம ஆளுங்க எத வாங்குவாங்கன்னு எனக்குல்ல தெரிஞ்சிருக்கணும்."

அவள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். தெரியும் என்று அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

அண்ணன் இப்போது ஒரு பெரிய கடையில் விற்பனையாளர். சட்டையில் கடையின் பெயர். நாள் முழுக்க நின்றபடி வேலை. போன மாதம் துணி துவைக்கும் இயந்திரம் வாங்க அவள் அங்கே போனாள். எது தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், எது சத்தம் போடும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பக்கத்தில் நின்ற சக ஊழியர், அவள் யாரென்று கேட்டார்.

"என் தங்கச்சி," என்றார் அண்ணன். "அவ கம்பெனில அவள கேக்காம எதையும் இறக்க மாட்டாங்க."

"அண்ணே, அந்தப் பெட்டி விஷயம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அத விடு, நான் போட்ட தப்புக் கணக்கு," என்று சிரித்தார். இன்னொரு வாடிக்கையாளர் கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டார்.