கிரேன் என்றால் கொக்கு

தொண்ணூறுகளில் ஒரு கோடை. திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டை ஒட்டிய வாய்க்கால் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். இரும்பு உத்தரங்களைத் தூக்கி வைக்க ஒரு கிரேன் வந்து எங்கள் வாசலுக்கு எதிரே நின்றது.

அப்பாவின் தங்கையான அத்தை அப்போதுதான் ஆங்கில இலக்கியம் படித்து முடித்திருந்தாள். மேலே படிக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டதால் வீட்டில் இருந்தாள். அவள் படித்ததைக் கேட்க என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கோ எட்டு வயது.

ஒருநாள் உச்சி வெயிலில் கிரேன் ஓட்டுகிறவர் தண்ணீர் கேட்டு வந்தார். செம்பை நீட்டிய அத்தை கேட்டாள்:

“உங்க வண்டிக்கு அந்தப் பேரு எப்பிடி வந்துச்சுன்னு தெரியுமா?”

“கம்பெனிக்காரன் வச்சிருப்பான்.”

“இல்ல. இங்கிலீஷ்ல கிரேனுன்னா கொக்கு. அதுமாரி நீளக் கழுத்துல்லா, அதான்.”

அவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்பம் இத்தன வருசமா கொக்கு முதுகுலயா உக்காந்திருக்கேன்!”

அத்தையும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் கிரேனின் மஞ்சள் கையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கொக்கு நின்றது. கால்கள் கோணலாக இருந்தாலும் கழுத்து அழகாக வந்திருந்தது. அதன்பின் அவர் தினமும் தண்ணீர் கேட்டு வந்தார். அத்தை தினமும் ஏதாவது ஒரு சொல்லின் கதையைச் சொன்னாள். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்.

தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர்தான் அப்பாவிடம் சொன்னார். “அண்ணாச்சி, கிரேன்காரன் உங்க வீட்டப் பாத்தாப்புல ஒரு கொக்கு வரைஞ்சிருக்கான், பாத்தியளா?”

அப்பா காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மறுநாள் கிரேனில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கொக்கின்மேல் மஞ்சள் பூசியிருந்தார்கள்.

அத்தை என்னிடம் பைய கேட்டாள். “ஏட்டி, அவரு எங்கன போயிட்டாராம்?”

“லீவு போட்டிருப்பாரு அத்தை.”

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை அவள் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்தார்கள். தாலி ஏறும்போது அத்தை தேம்பித் தேம்பி அழுதாள். கல்யாணப் பொண்ணுன்னா அழத்தான் செய்வா என்று அம்மா சொன்னாள். நானும் அதை நம்பி, பந்தியில் இடம் பிடிக்க ஓடினேன்.