அப்பாவின் பாதம் எழும்பிய வெள்ளிக்கிழமை

தை மாதம், கரும்பு வெட்டு முடிந்த வாரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது. பேச்சு திரும்பியது. வலது பாதம் மட்டும் தொங்கிப்போனது. அடி எடுத்து வைத்தால் விரல்கள் தரையில் இழுபட்டு இடறும். மடுகரையில் எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போக ஒற்றை வரப்புதான் வழி. இனி அதில் நடக்க முடியாது என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார். வாசலைக்கூடத் தாண்டவில்லை.

சித்திரையில் மருத்துவமனையில் ஒரு சிறிய மெஷின் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பசை வில்லைகளை ஒட்ட வேண்டும். குதிகால் எழும்பும்போது மெல்லிய மின்சாரம் பாய்ந்து பாதத்தைத் தூக்கிவிடும். அங்கே அப்பா பத்தடி நன்றாக நடந்தார். வீட்டில் போட்டதும் அலறினார்.

"சுருக்கு சுருக்குன்னு குத்துதும்மா. கழட்டிடு."

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மூலக்குளத்தில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை. பட்டியல் போட்டேன்: பேட்டரி, ஒயர், வில்லை, ஒட்டும் இடம், மின்சார அளவு. எல்லாம் சரியாக இருந்தன. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சாப்பிடும்போதும் பார்த்தேன், பஸ்ஸில் நின்றபடியும் நினைத்தேன். பிசியோதெரபி அக்கா போனில் சொன்னார்: "திங்கக்கெழம வரைக்கும் பாருங்க. அப்பா போட மாட்டேன்னா, காத்திருக்கிறவங்களுக்குக் குடுத்துடணும்."

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பட்டியலே மனதில் ஓடியது; என்னால் கண்ணை மூட முடியவில்லை. "தாயே, என் பட்டியல் தீர்ந்துபோச்சு. நீயே காட்டு" என்று மட்டும் கேட்டேன். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பூசாரி அம்மனுக்கு எண்ணெய்க்காப்பு முடித்து, மாப்பொடியைத் தேய்த்துக் கழுவினார். சந்தனக் கிண்ணத்தை நீட்டியவரை அதட்டினார்.

"இருய்யா. எண்ண போவாம சந்தனம் நிக்குமா? வழிஞ்சிடும்."

எனக்கு அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது.

தினமும் நான் வேலைக்குப் போனதும், கோயில் விளக்கெண்ணெயை அம்மா வேண்டிக்கொண்டே அப்பாவின் காலில் தேய்ப்பார். நான் வருவதற்குள் துண்டால் துடைத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். வேண்டுதல் என்பதால் பட்டியலில் சேர்க்கவே தோன்றவில்லை. துடைத்தாலும் எண்ணெய்ப் பசை தோலில் நிற்கும். வில்லை முழுதாக ஒட்டாது. ஒட்டிய சிறு இடத்தில் மின்சாரம் குவிந்து குத்தும். மருத்துவமனைக்குப் போன அன்று நான் கூடவே இருந்ததால் அம்மா எண்ணெய் தேய்க்கவில்லை.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மன் எண்ணய கழுவணுமா? இன்னாடி படிச்ச நீ?"

"அம்மனுக்கே கழுவிட்டுத்தாம்மா சந்தனம் வெக்கிறாங்க. இப்பதான் பார்த்துட்டு வரேன்."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு சோப்பும் தண்ணீரும் கொண்டு வந்தார். "கால நீட்டுங்க. மெஷின கழட்டினப்புறம் தேய்ச்சிக்கலாம்."

ஈரம் உலர்ந்ததும் புது வில்லைகளை ஒட்டினேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். குதிகால் எழும்பியது. பாதமும் எழும்பியது.

"கூசுது பாப்பா. குத்தல."

அடுப்படியிலிருந்து வாசல் வரை நடந்தார். தானாகவே திரும்பினார்.

அம்மா அழுதார். "இத்தினி நாளு கரண்ட நான்தான் மறிச்சிட்டு இருந்தனா?"

"என்னையே முப்பது வருசமா மறிச்சிட்டுக்கீற. கரண்டு எம்மாத்திரம்?" என்றார் அப்பா.

திங்கட்கிழமை மெஷின் எங்களிடமே இருந்தது. ஆடியில் அப்பா கைத்தடியோடு வரப்பில் நடந்து கொல்லைக்குப் போனார். களைத்தால் இன்னும் கால் இழுக்கிறது, பயிற்சி தொடர்கிறது. ஆனால் காலையில் செருப்பைத் தேடுகிறார். அதுவே எங்களுக்குப் பெரிது.

இதைப் படிப்பவர் வீட்டிலும் இப்படி ஒருவர் முடங்கியிருக்கலாம். மருத்துவர் சொல்வதை விடாமல் செய்யுங்கள். மாரியம்மன் தாயிடமும் கேளுங்கள். மனம் அடங்கட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் அடங்காத மனதோடுதான் போய் நின்றேன். அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள்.