எங்க கடை

இஸ்திரிக்கடை அக்காவுக்குத் தெருவில் கஞ்சியக்கா என்று பெயர். அவர் கஞ்சி போட்ட காலர் லேசில் மடங்காது. ஆளும் அப்படித்தான் என்பது அவருடைய கொழுந்தனின் கிண்டல்.

கணவர் இறந்த பிறகு அக்காவும் மகளுமாகக் கடையை நடத்தினார்கள். அக்கா தேய்ப்பார், மகள் மடிப்பாள். கொழுந்தன் சாயங்காலம் வந்து துணிமூட்டை மேல் உட்கார்ந்து உலக நடப்புப் பேசிவிட்டுப் போவார். மூட்டையில் கிடந்த துணியெல்லாம் இன்னும் கசங்கியதுதான் அவரால் ஆன உதவி.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. பெண்கள் வண்டி ஓட்டுவது ஏற்கனவே போயிருந்தது. வழக்குப் போடுவதும் போயிருந்தது. இனி எந்த அலுவலகத்திலும் பெண் ‘நான்’, ‘என்’ என்று பேசக் கூடாது, குடும்பமாகவே பேச வேண்டும் என்றார்கள். ஒருத்தி வைத்தியரிடம் “எங்களுக்கு வயிறு வலிக்குது” என்று சொல்ல, அவர் புருஷனையும் சேர்த்துப் படுக்கச் சொன்னாராம். தெருவே சிரித்தது. சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை.

ஆண் இல்லாத வீட்டின் கடை, நெருங்கிய ஆண் உறவுக்குப் போகும் என்றது அதே சட்டம். பெண்ணின் சம்மதமும் வேண்டும். பெரிய காரியம் ஒன்றுமில்லை, அதிகாரி முன்னால் இருவரும் “இது நம்ம கடை” என்று சொன்னால் போதும். சம்மதிக்காதவளை என்ன செய்வது என்று எழுதவே இல்லை. அப்படி ஒருத்தி இருப்பாள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மகளும் கூடப் போனாள். அங்கே நடந்ததை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். கொழுந்தன் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். தேய்த்துக் கொடுத்தது அக்காதான்.

“இது நம்ம கடைங்க” என்றார் கொழுந்தன்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார்.

“இது எங்க கடைங்க.”

எழுத ஆரம்பித்த அதிகாரி நிறுத்தினார். கொழுந்தன் சிரித்துச் சமாளித்தார். “என்னையும் சேர்த்துத்தானே சொல்றீங்க அண்ணி?”

“இல்ல தம்பி. உங்களச் சேர்த்திருந்தா நம்மன்னு சொல்லியிருப்போமே.”

காத்திருந்த பெண்களில் யாரோ இருமினார்கள். எங்க என்றால் யார் யார் என்று அதிகாரி கேட்டார்.

“தேய்க்கிறவங்களும் மடிக்கிறவங்களுங்க.”

சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. அதிகாரி திரும்பச் சொல்லச் சொன்னார். அதட்டினார். கடைக்குச் சீல் வைத்துவிடுவேன் என்றார். கடை போனால் அம்மாவும் மகளும் கொழுந்தன் வீட்டு அடுப்படியில்தான் போய் நிற்க வேண்டும், அது அக்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒவ்வொரு தடவையும், பக்கத்து வீட்டுக்கு வழி சொல்கிற மாதிரி நிதானமாக, எங்க கடை என்றே சொன்னார். கடைசியில் அதிகாரி ஒத்திவைப்பு என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மறுபடியும் கூப்பிடுவார்கள். இதை ஜெயித்ததாக அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் கடை திறந்திருந்தது. கொழுந்தன் சாயங்காலம் வந்தார். மூட்டை மேல் உட்காரவில்லை. கக்கத்தில் இரண்டு சட்டையோடு மேசைக்கு வெளியே நின்றார்.

“அப்படி வச்சிட்டுப் போங்க தம்பி,” என்றார் அக்கா, பெட்டியை நிறுத்தாமல். “முன்னாடி வந்தவங்க துணி நிறைய கெடக்கு. நாளைக்குத்தான் ஆகும்.”