வாய்விட்டுக் கத்தியபோது

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே முழங்காலை மடக்கச் சொல்லிவிட்டார்கள். கோவையில் அந்த மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் ஓர் இளம்பெண் என் பாதத்தைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குவேன். இரண்டு பிள்ளைகளையும் முந்தானையைக் கடித்தபடியே பெற்றவள் நான். சத்தம் போட்டு அழுததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் கால் மரக்கட்டையாக நின்றது. அந்தப் பெண் பொறுமையாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவருக்கும் அதே சிகிச்சைதான். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் "அய்யோ சாமீ" என்று அறை அதிரக் கத்துவார். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் காபி கேட்பார். அவர் கால் நாளுக்கு நாள் நன்றாக மடங்கியது. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒருநாள் என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, வலிய இப்புடி உள்ளயே பூட்டி வெச்சா காலு எப்புடிங்க மடங்கும்? கத்திப்போடுங்க. இங்க ஆருங்க நம்மள வையப்போறாங்க?"

அடுத்த முறை பாதம் நகர்ந்தபோது வாயைத் திறந்தேன். முதலில் முனகல்தான் வந்தது. பிறகு வந்த சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். பிசியோதெரபி பெண் பயந்து கையை எடுக்கப் போனாள், விடாதே என்றேன். வலி குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் சத்தத்தோடு மூச்சு வெளியே போனது, தொடை இளகியது, வலிக்கு நடுவே பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது. கால் மடங்கியது. வெளியே உட்கார்ந்திருந்த என் கணவர் பதறி ஓடிவந்து, நான் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

அந்த அம்மாள் எனக்கு முன்பே வீடு திரும்பினார். கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சீக்கிரம் நடந்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நான் பயிற்சி செய்யும்போது கணவர் முதலில் ஜன்னலைச் சாத்தினார். கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கத்தும்போது அவரும் கூடச் சேர்ந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் விசாரித்ததற்கு, இருவரும் பாட்டுப் பழகுகிறோம் என்றாராம்.

சென்ற மாதம் காரமடைக் கோயிலுக்குப் போனோம். யார் கையையும் பிடிக்காமல் பிரகாரம் சுற்றி வந்தேன். பெருமாள் முன் நின்றபோது எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கிணத்துக்கடவு அம்மாளின் கால்கள் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.