உள்ளே யாரைத் தெரியும்?

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப்போகும் சொந்தங்களுக்கும், அண்ணனால் வேலைக்குப் போன நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எழுதத் தகுதி இல்லாதவன் எழுதுகிறேன் என்பது கடைசிவரை படித்தால் உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் பிறந்தது பாரூர் ஏரிக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டிய எங்கள் தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் எங்களை வளர்த்தார்கள். எங்கள் தெருவில் முதன்முதலில் ஐ.டி.ஐ. முடித்தவர் அண்ணன். பிட்டர் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒசூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எல்லா கேட்டிலும் செக்யூரிட்டிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "உள்ள யாரைத் தெரியும்?" கரும்பு வெட்டுகிறவர் மகனுக்கு உள்ளே யாரைத் தெரிந்திருக்கும்? எட்டு மாதம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கடைசியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சாம்பார் வாளி தூக்கப் போனார். தினமும் அவர் கையால் சாப்பிட்ட போர்மேன் ஒருவர், இவர் படித்தவர் என்று தெரிந்து, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் சேர்த்துவிட்டார்.

அந்த எட்டு மாதத்தை அண்ணன் மறக்கவே இல்லை. மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஆள் பழகுவதையே இரண்டாவது வேலையாக வைத்துக்கொண்டார். கன்னடக்கார சூப்பர்வைசரிடம் "சென்னாகித்தீரா சார்" என்பார். தெலுங்கு பேசும் ஸ்டோர் கீப்பரிடம் "பாகுன்னாரா அண்ணா" என்று நலம் விசாரிப்பார். இரண்டு வருடத்தில் இரண்டு மொழியும் சரளமாக வந்துவிட்டன. யார் வீட்டில் கிரகப்பிரவேசம், யார் பிள்ளைக்குக் காது குத்து என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போடுவார்.

"வேலை வெட்டி இல்லாம எதுக்குணா எல்லாருக்கும் போன் பண்றே?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"வேலை ஆகணும்னு போன் பண்ணா எவன்டா எடுப்பான்? சும்மா இருக்கறப்பவே பேசி வெச்சுக்கணும்" என்பார்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்று பிறகு தெரிந்தது.

அண்ணனுக்கு வருடத்தில் பெரிய நாள் ஆயுத பூஜைதான். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்று ஒரு நாள் குடும்பத்தோடு உள்ளே போகலாம். மிஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பொரி கடலை கொடுப்பார்கள். மேனேஜர்கள் வேட்டி கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்பார்கள். உள்ளே வேலை செய்கிறவர் ஒருவர் "எங்க வீட்டு ஆளு" என்று சொன்னால் போதும், செக்யூரிட்டி விட்டுவிடுவார். அண்ணன் ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர்களை "சித்தப்பா பையன்" என்று சொல்லி அழைத்துப் போய், எச்.ஆர். முன்னால் நிறுத்தி, கைகொடுக்க வைத்து, பொரியும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார். வருடத்துக்கு ஒரு புது சித்தப்பா பையன். "உங்க சித்தப்பாவுக்கு மொத்தம் எத்தனை பசங்கண்ணா?" என்று செக்யூரிட்டியே கேட்டுச் சிரிப்பாராம். எங்களுக்குச் சித்தப்பாவே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன்களில் எத்தனையோ பேர் இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நானும் அப்படி உள்ளே போனவன்தான். என்னை அறிமுகப்படுத்த மட்டும் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிப்ளமோ படிக்க வைத்ததும், ஆயுத பூஜை அன்று வேறொரு கம்பெனிக்குக் கூட்டிப்போய் அங்கே அவருக்குப் பழக்கமான ஆபீசர் கையில் என் கையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கம்பெனியில்தான் இன்று ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன்.

அண்ணனுடைய ஐம்பத்தோராவது வயதில் அவர் கம்பெனி அந்த பிளான்ட்டை மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனது. அண்ணன் முதலில் பயப்படவே இல்லை. "நமக்கு ஆளுங்க இல்லையாடா? ஒரு மாசத்துல உள்ள போயிருவேன்" என்றார். போன் போட ஆரம்பித்தார். ரெஸ்யூம் அனுப்புங்கண்ணா என்றார்கள். அனுப்பினார். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு எடுக்கவில்லை. முப்பது வருடம் சும்மா இருக்கும்போதெல்லாம் பேசி வைத்த பேச்சு, வேலை ஆக வேண்டிய அன்று யாருக்கும் கேட்கவில்லை. அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து போன் போடுவாராம்.

இந்தக் கட்டுரையை முதலில் எழுதியபோது, போனை எடுக்காதவர்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தேன். அண்ணி படித்துப் பார்த்தார்.

"யாரையும் குத்தி எழுதாதீங்க தம்பி. அவங்களுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும். அவரு இருந்தா ஒத்துக்கவே மாட்டாரு."

பெயர்களை அடித்துவிட்டேன். அண்ணி சொன்னார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த வரிசையில் முதலில் இருக்க வேண்டிய பெயரை நான் எழுதவே இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அண்ணன் எங்கள் கம்பெனிக்கு வந்தார். சொல்லாமல் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரெஸ்யூம் வைத்த பைல். நான் இன்சார்ஜ் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சொந்தக்காரர்களை உள்ளே இழுக்கிறவர்களைப் பற்றி எங்கள் மேனேஜர் முந்தைய வாரம்தான் மீட்டிங்கில் கடுகடுத்திருந்தார். அவர் அப்போது என் பக்கத்தில், கையில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டிலிருந்து செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டார்.

"சார், உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்காரு. உங்க அண்ணன்னு சொல்றாரு. உள்ள விடலாங்களா?"

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊர்க்காரருங்க" என்றேன். "எங்க ஊர்ல எல்லாருமே அண்ணன்னுதான் சொல்லிக்குவாங்க. நான் மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிருங்க."

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொந்தமே இல்லாதவர்களையெல்லாம் சித்தப்பா மகன் என்று சொல்லி உள்ளே அழைத்துப்போன மனிதரை, கூடப் பிறந்த நான் ஊர்க்காரர் ஆக்கி வெளியில் நிறுத்தினேன். கேட்டில் இருக்கும் அந்த இன்டர்காமில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணனே போன் செய்தார். "பூஜையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாடா? கேட்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு பொரி குடுத்தாங்க. நாட்டுச்சக்கரை போட்டு நல்லா இருந்துச்சு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று கேட்டுவிட்டால் தெரிந்துவிடுமே என்று, அதன் பிறகு அவரைத் தனியாகச் சந்திப்பதையே தவிர்த்தேன்.

மத்திகிரி வீட்டைக் காலி செய்துகொண்டு அண்ணனும் அண்ணியும் ஊருக்கே வந்தார்கள். போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் அண்ணன் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். ஐந்தாவது மாதம், காலை ஷிப்ட் பஸ்களை உள்ளே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

யூனிபாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவரோடு வேலை பார்த்தவர் ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார். வேலை கேட்டு வருகிறவர்கள் உள்ளே யாரையும் தெரியாது என்று சொன்னால், யார் மூலம் என்ற இடத்தில் அண்ணன் தன் பெயரையே எழுதி அனுப்புவாராம். "எச்.ஆர்.ல தினம் திட்டு வாங்குவாருங்க. கேக்கவே மாட்டாரு" என்றார். பக்கத்துக்குப் பக்கம் அண்ணன் கையெழுத்தில் அவர் பெயர். அவர்களில் ஒருவருக்காவது வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். செக்யூரிட்டி பெயரை யார் மதிப்பார்கள்?

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். ஷிப்டை விட்டுவிட்டு அண்ணனைத் தூக்கிப் போன கம்பெனி பஸ் டிரைவருக்கும், கூட ஏறிய தொழிலாளர்களுக்கும் நன்றி. அவர்களில் யாரையும் அண்ணன் வேலைக்குச் சேர்த்துவிட்டதில்லை. காரியம் முடியும்வரை கூடவே இருந்த தெருக்காரர்களுக்கு நன்றி. ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்காத அண்ணிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதைப் படித்த பிறகு கேட்பார் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அன்று எங்கள் கேட்டில் டியூட்டியில் இருந்து, அண்ணனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, காகிதத்தில் பொரி மடித்துக் கொடுத்த செக்யூரிட்டி ஐயா. கான்ட்ராக்ட் மாறி நீங்கள் வேறு எங்கோ போய்விட்டீர்கள். உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. யார் மூலமாவது இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால், அன்று நீங்கள் இன்டர்காமில் கேட்டதற்குப் பதில் இது.

ஆமாம். அவர் என் அண்ணன்தான். உள்ளே விடுங்கள்.